அரசன் கன்னத்தில் ஒட்டிய மீசை

வாசிக்கும் உங்களைச் சாட்சியாக வைத்துச் சொல்கிறேன். என் மேசை இழுப்பறையில், பேச்சுப் போட்டிப் பதக்கங்களுக்கு அடியில், பாதி ஒட்டுமீசை ஒன்று கிடக்கிறது. பசை காய்ந்து, முனை உதிர்ந்து, செத்த பூச்சியைப் போலச் சுருண்டிருக்கிறது. பதக்கங்கள் நான் பேசி வென்றவை. அந்த மீசை நான் பேசித் தோற்றதன் மிச்சம்.

கல்லூரி இறுதியாண்டில் என் நண்பன் சோழர் காலத்து நகைச்சுவை நாடகம் ஒன்றை எழுதினான். அவன் பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் குடும்பத்துப் பிள்ளை. நானோ விவாதத்தில் எந்தப் பக்கம் கொடுத்தாலும் பேசி வென்றுவிடுவேன் என்ற கர்வத்தோடு திரிந்தவன். நாடகத்தில் அவன் அரசன். நான் அவனுடைய வேளைக்காரன், அதாவது அரசனுக்காகத் தலையையே கொடுப்பதாகச் சத்தியம் செய்த மெய்க்காவலன். அந்தக் காவலன் போருக்கு வாளை மறந்துவிட்டுக் குடையோடு வருவான். எதிரி வரும் திசையை விட்டுவிட்டு அரசனையே பார்த்துக்கொண்டு நிற்பான். ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒத்திகை நடந்த நாட்களில், அந்தப் பார்வைக்கு எனக்கு நடிப்பே தேவைப்படவில்லை என்பது இருவருக்கும் தெரிந்துபோயிற்று. ஒரு மாலை அவன் கிரீடத்தைக் கழற்றிவிட்டுக் கேட்டான்: "சத்தியம்லாம் மேடையில மட்டுந்தானா மச்சி?" அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நாடகத்தன்று, மணியடிக்கச் சற்று முன்பு, ஒப்பனை அறையின் திரைக்குப் பின்னால் அவனை முத்தமிட்டேன். என் ஒட்டுமீசைக்குத் தடவிய பசை காயவில்லை என்பதை மறந்தே போனேன். நாங்கள் வெளியே வந்ததும் அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். காகிதக் கேடயத்தோடு நின்ற படைவீரன் ஒருவன்தான் முதலில் வாய் திறந்தான்:

"இன்னா நைனா, ராஜாவுக்குக் கன்னத்துல மீசை மொளைச்சிகீது?"

எல்லோரும் சிரித்தார்கள். என் நண்பனும் சிரித்தபடி என்னைப் பார்த்தான். நானும் சிரித்துவிட்டுச் சும்மா நின்றிருந்தால் போதும். அதைக்கூட என்னால் செய்ய முடியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மூன்று காரணங்களை அடுக்கினேன். பசை மட்டமான சரக்கு. வாள்சண்டை பழகும்போது முகம் உரசியது. மூன்றாவதாக, "இவனுக்குப் போய் முத்தம் குடுக்குற அளவுக்கு எனக்கு என்ன கேடு வந்துச்சு?" என்றேன். கைதட்டினார்கள். இத்தனை மேடைகளில் அதைப் போல ஒரு கைதட்டல் எனக்குக் கிடைத்ததில்லை.

அவன் தன் கன்னத்திலிருந்து அந்தப் பாதி மீசையை உரித்து என் உள்ளங்கையில் வைத்தான். மணி அடித்துவிட்டது. பாதி மீசையோடு மேடையேறி, அவன் முன் மண்டியிட்டுச் சத்தியம் செய்தேன். "நம்பினேன், எழுந்திரு" என்பது அரசனின் வசனம். அவன் சொல்லவில்லை. நான் மண்டியிட்டபடியே இருந்தேன். அதுவும் வேடிக்கை என்று நினைத்து அரங்கம் சிரித்தது. திரையை இழுத்து மூடினார்கள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவன் சொன்னான்: "நல்லா பேசுன மச்சி. மூணாவது பாயின்ட் செம." அதன்பின் அவன் என்னோடு பேசவில்லை. தேர்வு முடிந்து புனேவுக்கு வேலைக்குப் போனவன் தொலைபேசி எண்ணையும் மாற்றிவிட்டான்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, போன மாதம், தி. நகர் உணவகம் ஒன்றில் பழைய கூட்டம் கூடியது. அவன் வரக்கூடும் என்று மீசையைச் சட்டைப்பையில் எடுத்துப் போயிருந்தேன். வரவில்லை. காபி வருவதற்குள் அந்தப் பழைய படைவீரன் ஆரம்பித்தான்: "மச்சி, அந்த ராஜா மீசை மேட்டர சொல்லேன்." எல்லோரும் சிரிக்கத் தயாராகி என் முகத்தைப் பார்த்தார்கள். மூன்று காரணங்களும் வரிசை மாறாமல் நாக்கில் வந்து நின்றன. மீசையை எடுத்து மேசைமேல் வைத்தேன். எழுந்திரு என்று சொல்ல வேண்டியவன் அங்கே இல்லை, நானாகவே எழுந்தேன்.

"நான்தான் முத்தம் குடுத்தேன். அன்னைக்குச் சொன்னது பொய். இனிமே யார் கேட்டாலும், எங்க கேட்டாலும், அவனை இல்லைன்னு சொல்லமாட்டேன். சத்தியம்."