அருணகிரி வீட்டுப் பங்கு மணல்

பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில், ஒரு திங்கட்கிழமைக் காலைப் பாசஞ்சர் வண்டியில்தான் இதை எழுதுகிறவன் அருணகிரியை முதலில் பார்த்தது. காக்கிச் சட்டை, மடியில் டிபன் கேரியர். பக்கத்தில் இடம் இருந்தது. உட்கார்ந்ததும் பேச்சுக்கு, எந்த ஊர் என்று கேட்டதற்கு, “பழவேற்காடு பக்கம் சார்” என்றார்.

“பக்கம்னா?”

“பக்கந்தான்.”

எதிரே நண்டுக்கூடையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டிருந்த பெண் சிரித்துவிட்டாள். “ஊர் பேர சொல்றதுக்கு இன்னாயா? ஊரு உன்ன தள்ளியா வச்சிட்டுது?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கும்மிடிப்பூண்டியில் இறங்கியதும் அந்தக் கூடையை அவரே தூக்கி அவள் தலையில் வைத்தபோதுதான், அவள் அவர் மனைவி சம்பூர்ணம் என்பது தெரிந்தது. பழகப் பழக மீதிக் கதையும் வந்தது. பாதி அவர் சொல்லி, பாதி சம்பூர்ணம் சொல்லி. ஊர் அவரைத் தள்ளி வைக்கவில்லை. வைத்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும் என்பது அவர் எண்ணம்.

அவர்கள் ஊர் பாசிமேட்டுக் குப்பம். ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல், நடுவில் மணல்திட்டு. ஏரியில் எந்த இடத்தில் எந்த வீடு வலை கட்டுவது என்பதை வருஷா வருஷம் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பாடுச் சீட்டில் பேர் இருந்தால்தான் குப்பத்தில் ஒரு குடும்பம் குடும்பம்.

அதற்கு ஊர் கேட்பது ஒன்றுதான். வெயில் காலத்தில் கடல் மணலைத் தள்ளி ஏரியின் வாயை அடைத்துவிடும். தண்ணீர் சுண்டும், இறால் வராது. அமாவாசைக்குக் கடல் ஏறுவதற்கு முன்னால் ஊரே போய் அந்த மணலை வெட்டி வழி விட வேண்டும். கயிறு போட்டு அளந்து வீட்டுக்கு ஒரு பங்கு பிரித்துவிடுவார்கள். ஒரு வீட்டுப் பங்கில் வேறு மண்வெட்டி இறங்காது. ஆளே இல்லாமல் அற்றுப்போன வீட்டின் பங்கைத்தான் ஊர் சேர்ந்து வெட்டும். பிறத்தியான் வெட்டினால் அந்த வீடு செத்துப்போனதாகக் கணக்கு.

இதெல்லாம் அருணகிரிக்குத் தெரியாததல்ல. ஆனால் கும்மிடிப்பூண்டியில் இரும்பு வார்க்கும் தொழிற்சாலையில் வேலை கிடைத்த பிறகு அவர் நடையே மாறியிருந்தது. குப்பத்திலிருந்து கம்பெனிக்குப் போன முதல் ஆள். அங்கே ஒருவன் வராவிட்டால் பதிலி ஆள் நிற்பான். உலை அணையாது, வேலை நிற்காது, யாரும் யாரையும் தேடமாட்டார்கள். அந்த ஏற்பாடு அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எழுபத்திரண்டாம் வருஷக் கோடையில் முகத்துவாரம் அடைத்து, நாள் குறித்தபோது, அவர் பழவேற்காட்டுக் கடைத்தெருவுக்குப் போய், உள்ளூர் வயல்களில் வரப்பு வெட்டும் கலியனைக் கூலிக்குப் பேசினார்.

“உங்கூர் வேலைக்கு நான் எப்டி நைனா?” என்றான் கலியன். “உனுக்கு லீவு இல்லியா?”

“கேட்டா குடுப்பான். கோமணம் கட்டிக்கினு எவன் அந்த மணல்ல கெடந்து சாவுறது? நீ போய் வெட்டிட்டு வா. கம்பெனில பதிலி மாரிதான்.”

சம்பூர்ணத்திடம் மட்டும் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டுக் காலை ஷிப்டுக்குப் போனார்.

ஷிப்டு முடிந்து, ரயில், பஸ் மாறி, பழவேற்காட்டில் படகேறியபோது வெயில் சாய்ந்திருந்தது. வேலை முடிந்து ஆட்டம்பாட்டமாக இருக்கும், போய்ச் சாப்பாட்டில் உட்காரலாம் என்று நினைத்துக்கொண்டு வந்தார். கரை நெருங்க நெருங்கச் சத்தமே இல்லை. ஊர் முழுக்க மணலில் உட்கார்ந்திருந்தது. ஏரியிலிருந்து கடல்வரை வாய்க்கால் வெட்டி முடிந்திருந்தது. நடுவில் ஒரே ஒரு மேடு மட்டும், கயிற்று அளவு பிசகாமல், வெட்டாமல் நின்றது. பொக்கை வாயில் ஒற்றைப் பல் மாதிரி.

கலியன் ஓலைக் கீற்று நிழலில் பாய் போட்டு உட்கார வைக்கப்பட்டிருந்தான். அருணகிரியைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தான்.

“நான் வெட்றேன்னுதான் சொன்னேன் நைனா. மம்பட்டிய வாங்கி வச்சிக்கினு சோறு போட்டாங்க. கறிமீனு வேற. சம்பந்தி மாரி உக்கார வச்சிட்டாங்க. பேஜாரா பூட்ச்சு.”

சம்பூர்ணத்தின் தம்பி சின்னதுரை மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தான். “இன்னா மாமா, சங்கு ஊதிட்டானா? காக்கிய அவுப்பியா, இல்ல அப்டியே எறங்குவியா?”

யாரோ சிரித்தார்கள். ஊர்த் தலைவர் நாகமுத்து கையைக் காட்டினார். சிரிப்பு நின்றது.

“சும்மா இருடா. கம்பெனிக்காரன் லீவு குடுத்திருக்க மாட்டான். அவன் இன்னா பண்ணுவான், பாவம்.” பிறகு அருணகிரியிடம், “சாப்ட்டு எறங்குப்பா. கடலு ஏற இன்னும் நேரம் கெடக்குது” என்றார்.

ஆமாம் என்றோ இல்லை என்றோ அருணகிரி சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டல்தான் பின்னால் அவரைத் தின்றது.

சாப்பிடாமலே இறங்கினார். ஈர மணல் வெட்ட வெட்டச் சரிந்து வந்தது. உதவிக்கு ஒருவரும் வரவில்லை, வர முடியாது. ஒருவரும் வீட்டுக்குப் போகவும் இல்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு அத்தனை பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கடல் ஒவ்வொரு அலைக்கும் கொஞ்சம் மேலே வந்துகொண்டிருந்தது. வேலை முடிவதற்குள் கடல் ஏறி வற்றிவிட்டால், ஊர் உழைப்பெல்லாம் மணலோடு போகும். அதுவும் இந்த ஒரு வீட்டால்.

சம்பூர்ணம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடையோடு இறங்கினாள்.

“நீ மேல போ” என்றார் அவர்.

“இது ஊட்டுப் பங்கு. நானும் அந்த ஊடுதான்.” மண்ணை வாரிக்கொண்டே, பக்கத்தில் வந்தபோது குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “லீவு கேட்டியா?”

அவர் மண்வெட்டியை இன்னும் ஆழமாகப் போட்டார். அவள் மறுபடி கேட்கவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே மேடு கரைந்தது. கடல் முதலில் நாக்கு நீட்டுவதுபோல் வந்து திரும்பியது. அடுத்த அலை திரும்பவில்லை. உப்புத்தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்து ஏரிக்குள் இறங்கியதும் சின்னதுரை தலைகுப்புறக் குதித்தான், பிள்ளைகள் குதித்தார்கள், பெண்கள் குலவை போட்டார்கள். அருணகிரி கரையில் நனைந்த காக்கியோடு நின்றார்.

பாடுச் சீட்டு எடுக்கும் நாளில், மற்ற வீடுகளைப்போலவே அவர் பெயரையும் நாகமுத்து கூப்பிட்டார். அருணகிரிக்குக் கை நீளவில்லை. எழுந்து நின்று, ஊருக்கு முன்னால், “நான் லீவு கேக்கவே இல்ல, நாட்டாரே” என்றார்.

“தெரியும்பா” என்றார் நாகமுத்து. “அன்னிக்கி காலைலயே கலியன் சொல்ட்டான். நீ சொன்னது மொத்தமும் சொன்னான். கோமணங்கூட.”

“அப்புறம் ஏன் கம்பெனிக்காரன் மேல…”

“உம் பொண்டாட்டி நின்னுக்கினு இருந்தா. ஊடு இருக்குது. சீட்டை எடு.”

அவர் எடுக்கவில்லை. சம்பூர்ணம்தான் வந்து எடுத்தாள். அந்த வருஷம் அவர்களுக்கு விழுந்தது முகத்துவாரத்துக்குக் கிட்டத்திலேயே நல்ல பாடு. பக்கத்து வீட்டுக்காரர்கள் உண்மையாகவே சந்தோஷப்பட்டார்கள். அக்காவோடு சின்னதுரை போய் வலை கட்டினான். இறால் குவிந்தது. அதை வறுத்து வைத்தபோது அருணகிரி வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்தார். தெருவில் எதிர்ப்பட்டவர்கள் வழக்கம்போல, “வேல எப்டிக்கீது?” என்று விசாரித்தார்கள். அத்தனை பேருக்கும் எல்லாம் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். மழைக்காலம் தொடங்குமுன் துணிமணிகளைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். போகச் சொன்னவர் யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வருகிறார், இருட்டின பிறகு.

அருணகிரி இப்போது கும்மிடிப்பூண்டியில், ரயில்வே கேட்டுக்கு அருகே ஒரு வாடகை அறையில் இருக்கிறார். அதே தொழிற்சாலையில் உலைப் பிரிவில் வேலை. சம்பூர்ணம் குப்பத்து வீட்டில் இருக்கிறாள். பாடு இப்போது அவள் பேரில்.