எனக்கும் இழுக்குதுடா கணேசா

சேவியர் அண்ணன் போய்விட்டார். காலையில்தான் போன் வந்தது...

திண்டுக்கல்லில் பழைய ஆட்களுக்குச் சொன்னால் தெரியும். டாக்ஸி ஸ்டாண்டுக்குப் பின்னால் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தாரே, அந்த சேவியர். இட்லி சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே போய்விட்டாராம்.

படுக்கையில் கிடக்கவில்லை, யாருக்கும் பாரமாக இருக்கவில்லை. கேட்டதும் அழுகை வந்தது, கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. பொய் சொல்வானேன்.

எண்பதுகளில் எங்கள் வீட்டுக்காரர் வாடகைக் கார் ஓட்டினார். கார் இவருடைய அண்ணன் பெயரில் இருந்தது, ஓட்டுவது இவர். பிள்ளைகள் இரண்டும் அப்போது சின்னப் பள்ளிக்கூடம்.

ஒரு வருசம் இவருக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. இடது கை துவண்டுவிட்டது. எண்ணெய் தேய்த்து, மருந்து கொடுத்து, எப்படியோ தேறினார். டாக்டரே "இனி தாராளமா வண்டி ஓட்டலாம்" என்று சொன்ன பிறகுதான் சாவியைத் தொட்டார்.

தொட்ட கொஞ்ச நாளில் கார் இடது பக்கமாக இழுக்க ஆரம்பித்தது...

சேவியர் அண்ணனிடம் கொண்டுபோனார். அவர் டயரை இடம் மாற்றினார், காற்று பார்த்தார், ஜாக்கி வைத்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். பம்பரமாகச் சுற்றியது. அவரே ஊருக்குள் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார், கார் நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது.

திரும்பத் திரும்ப இதே கதை. இவர் வெளியூர் ஓட்டினால் இழுக்கும், சேவியர் அண்ணன் ஓட்டினால் இழுக்காது.

அதற்குமேல் ஸ்டாண்டில் வாயை மூட முடியுமா... "கை கனத்துத் தொங்குதப்பு, அது ஸ்டியரிங்கை இழுக்குது" என்று பேச்சு. சவாரிக்கு வந்தவர்கள் இவரைத் தாண்டி அடுத்த காருக்குப் போனார்கள். வேறு டிரைவர் பார்த்துவிட்டேன் என்று இவருடைய அண்ணன் ஆள் அனுப்பினார்.

சேவியர் அண்ணனும் ஒருநாள் வீட்டுக்கு வந்து, தண்ணீரைக்கூடக் குடிக்காமல், "தங்கச்சி, வண்டியில ஒண்ணும் இல்லம்மா" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா.

இவர் அன்றிலிருந்து இடது கையால் டம்ளரைக்கூட எடுக்கவில்லை.

அந்த வாரம்தான் கொடைரோட்டில் சேவியர் அண்ணனின் மைத்துனர் மகனுக்குச் சர்ச்சில் முதல் நற்கருணை கொடுக்கிற புதுநன்மை விருந்து. "உன் வண்டியிலதான் போறோம், தங்கச்சியையும் ஏத்திக்க" என்றார். அது இவருக்குக் கடைசிச் சவாரி என்று எல்லாருக்கும் தெரியும்.

சின்னாளப்பட்டி தாண்டியதும் எதிரே ஒரு மாட்டு வண்டி. இவர் பிரேக் போட்டதும் கார் இடது பக்கம் ஒரே இழுப்பாக இழுத்து, ஓரத்துப் புளியமரத்தை உரசுகிற மாதிரி போய் நின்றது. பின்னால் என்னோடு இருந்த மேரி அக்கா, சேவியர் அண்ணன் சம்சாரம், "மாதாவே!" என்று கத்திவிட்டார்.

இவர் இறங்கிவிட்டார். "அண்ணே, நீங்க ஓட்டுங்க. நான் இதோட விட்டுர்றேன்."

சேவியர் அண்ணன் ஸ்டியரிங் பக்கம் போய் உட்கார்ந்தார். இவர் பக்கத்து சீட்டில், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு... எனக்குப் பின்னாலிருந்து பார்க்கவே முடியவில்லை.

கார் கிளம்பிச் செத்த நேரம்கூட ஆகவில்லை. சேவியர் அண்ணன் சீட்டிலிருந்து துள்ளினார்.

"ஏலே கணேசா! எனக்கும் இழுக்குதுடா! எனக்கும் இழுக்குது!"

மேரி அக்கா பதறிப்போய், "அய்யோ, உங்களுக்கும் கை வெளங்காமப் போச்சா?" என்றார்.

"அடி கூறு கெட்டவளே, வாதம் வண்டிக்குடி! இவனுக்கு ஒண்ணும் இல்ல!"

நடு ரோட்டில் நிறுத்திக் குதித்து இறங்கி முன்சக்கரத்தைத் தொட்டவர், "ஆ!" என்று கையை உதறினார். நான் குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் கொண்டுபோய்த் தெளித்தேன். இடது சக்கரம் மட்டும் தோசைக்கல் மாதிரி 'சுர்ர்' என்றது.

அந்தச் சக்கரத்துக்குப் பிரேக் ஆயில் போகிற ரப்பர் குழாய் உள்ளே வீங்கி அடைத்திருக்கிறது. மிதித்தால் பிடிக்கிறது, சூடேறிய பிறகு காலை எடுத்தாலும் பிடித்தது விடவில்லை. ஆறினால் சரியாகிவிடும்.

இத்தனை நாள் ஏன் தெரியவில்லை என்கிறீர்களா? சேவியர் அண்ணன் ஷெட்டைக் கோயில் மாதிரி கூட்டி வைத்திருப்பார், சேறோடு ஒரு வண்டியை உள்ளே விடமாட்டார். இவரும் சவாரி முடிந்ததும் குழாயடியில் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் வாளி வாளியாக ஊற்றிக் கழுவி, துடைத்து, அப்புறம்தான் கொண்டுபோவார். சூடெல்லாம் குழாயடியிலேயே போய்விடும்...

"எம்புட்டுத் தடவை கழுவுனடா?" என்று சேவியர் அண்ணன் கேட்க, "நீங்கதானண்ணே கழுவச் சொன்னீக" என்று இவர் சொல்ல, இரண்டு பேரும் புளியமரத்தடியில் உட்கார்ந்து அப்படிச் சிரித்தார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன். இவர் இடது கையை நீட்டி நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

விருந்துக்குக் கடைசிப் பந்திதான் கிடைத்தது. கறி தீர்ந்து வெறும் குழம்பு. அந்த ருசி எனக்கு எங்கேயும் கிடைக்கவில்லை.

மறுநாள் சேவியர் அண்ணன் ஸ்டாண்டுக்கே வந்து, "எவன்டா இவன் கையைப் பேசுனது? வண்டி எனக்கும் இழுத்துச்சு, வந்து கேளுங்கடா" என்று ஒவ்வொரு காராகப் போய்ச் சொன்னார். அதற்கப்புறம் அவர் ஷெட்டில் வேறு சட்டம். "கழுவாமக் கொண்டாடா!" என்று தெருமுனைக்குக் கேட்கக் கத்துவார். மேரி அக்கா துடைப்பத்தோடு முறைப்பார்.

இவர் அதற்குப் பிறகு எத்தனையோ வருசம் ஓட்டினார். இப்போது எங்கள் பேத்தி லைசென்ஸ் எடுத்துவிட்டாள், சாயந்தரம் அடக்கத்துக்கு அவள்தான் எங்களைக் கூட்டிப்போகிறாள்.

சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கிறார். "பொட்டிய நானும் ஒரு பக்கம் பிடிக்கிறேன்" என்கிறார். இந்த வயசில் எதற்கு என்றேன், கேட்கவில்லை.

போய் வாருங்கள் அண்ணே... இடது கையால்தான் பிடிப்பாராம்.