டீ குடிக்கப் போன போட் டிரைவர்

போன வருடம் ஜூன் மாதம், மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் இரண்டே நாள் இருந்த ஒரு வெள்ளிக்கிழமை. அப்போது நான் தண்டையார்பேட்டை டோல்கேட் பக்கம் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடையில் பில் போடும் வேலையில் இருந்தேன். என் நாற்காலியிலிருந்து ரிப்பேர் மேசை நாலடி தூரம்தான். அந்த நாலடியைத் தாண்டத்தான் முதலாளி விடமாட்டார். "உனக்கு எதுக்கும்மா ஸ்க்ரூ டிரைவரு?" என்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வாயை மூடிக்கொண்டு பில் போடுவேன்.

அன்று முதலாளி வெளியூர். காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஒரு போட் டிரைவர் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். பிளாஸ்டிக் பையில் சுற்றிய லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். அவர் மகளுக்குப் பள்ளியில் அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப். மகள் கல்யாணமாகி மணலி புதுநகர் போய்விட்டாள், லேப்டாப் இவரிடமே தங்கிவிட்டது. வீட்டுக்கு வந்த மருமகன் பாட்டு ஏற்ற ஏதோ ஒரு பென்டிரைவைச் செருகினாராம். அன்றிலிருந்து கண்ட கண்ட விளம்பரம் வருகிறது, எதைத் தொட்டாலும் நின்றுவிடுகிறது.

சர்வீஸ் பார்க்கும் பாய் இரண்டு நிமிடம் தட்டிப் பார்த்தார். "வைரஸ் நைனா. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா விண்டோஸ் போட்டுர்லாம்."

மனிதர் துள்ளி எழுந்தார். "அய்யய்யோ! என் பாயிண்ட்டெல்லாம் அதுலதான்பா கீது!"

கடலுக்கு அடியில் எங்கே பாறை இருக்கிறது, எங்கே மீன் கூடும், எங்கே போட்டால் வலை கிழியும் என்று ஒவ்வொரு டிரைவரும் ஜிபிஎஸ் கருவியில் குறித்து வைத்திருப்பார். அதுதான் பாயிண்ட். இவருடையது இருபது வருடச் சேகரம். பழைய கருவி உப்புத் தண்ணீரில் செத்துப்போனதால், புதுக் கருவியில் எல்லாவற்றையும் இந்த லேப்டாப்பிலிருந்துதான் ஏற்ற வேண்டும். விண்டோஸ் ஓடினால்தான் அந்த சாஃப்ட்வேர் திறக்கும்.

"நம்ம கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி எடுத்து வச்சிட்டு வேலையப் பாக்கவா?" என்றார் பாய்.

"வோணவே வோணாம். என் பாயிண்ட்டு இன்னொரு மிஷின்ல ஏறக்கூடாது. என் மச்சானுக்கே காட்டுனதில்ல."

யாராவது திருடிவிடுவார்கள் என்ற பயத்தில் உலகத்தில் வேறு எங்குமே ஒரு நகல் வைக்காத மனிதர்! ஸ்டூலை லேப்டாப்புக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எதிர்க் கடையில் டீ குடித்துவிட்டு வரச் சொன்னால், "கண்ண எடுத்தா இன்னா ஆவுமோ" என்று அசையவில்லை.

பாய் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினார். "வந்து பாக்குறேன். யாரும் கை வைக்காதீங்க."

எனக்குக் கை சும்மா இருக்குமா? "சும்மா தேடித்தான் பாக்குறேன் நைனா" என்று அவரிடம் சொல்லிவிட்டு, வைரஸைத் தேடும் புரோகிராமை ஓட விட்டேன். ஏழு இடத்தில் இருக்கிறது, எல்லாவற்றையும் நீக்கவா என்று கேட்டது. பட்டியலைப் படிக்காமலே சரி என்று அழுத்தினேன். மறுபடி ஆன் செய்தால் கறுப்புத் திரை. முக்கியமான ஒரு சிஸ்டம் ஃபைலைக் காணவில்லை என்று ஒரே ஒரு வரி. அந்த ஃபைலுக்குள்ளும் வைரஸ் புகுந்திருக்கிறது. நான் ஃபைலையே சேர்த்து எடுத்து எறிந்துவிட்டேன். விண்டோஸ் எழவே மாட்டேன் என்றது.

அவரிடம் மறைக்காமல் சொன்னேன்.

"உசுரோட இட்டாந்தேன். பொணமாக்கிட்டியேம்மா" என்றார். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், மெதுவாகத்தான் சொன்னார். "நாளான்னிக்கு போட்டு கெளம்புது. பாயிண்ட்டு இல்லாத டிரைவரு கைல ஓனரு எதுக்கு போட்டக் குடுப்பாரு?"

திரும்பி வந்த பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். ஃபார்மட்தான் வழி என்றார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அதே வருடம், அதே மாடல் லேப்டாப் எனக்கும் கொடுத்தார்களே! திருவொற்றியூரில் என் வீட்டு அலமாரியில்தானே கிடக்கிறது!

"ஒரு மணி நேரம் குடுங்க நைனா" என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவுக்கு ஓடினேன்.

அந்த லேப்டாப்பில் விண்டோஸோடு இன்னொரு சிஸ்டமும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும். எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் முதல் வேலையாக அதை அழித்தார்கள், சினிமா ஏற்ற இடம் வேண்டுமே. நல்லவேளை, இவர் மகள் அதைத் தொடவில்லை. அதன் வழியாக உள்ளே போனால் விண்டோஸ் தூங்கிக்கொண்டிருக்கும், வைரஸும் அதோடு தூங்கும். நம் வேலையை நாம் பார்க்கலாம்.

என் லேப்டாப்போடு கடைக்குத் திரும்பி, என்னுடையதிலும் அவருடையதிலும் விண்டோஸ் பதிப்பு எண் ஒன்றுதானா என்று பார்த்தேன். ஒன்றேதான். என் லேப்டாப்பில் வைரஸ் இல்லை என்று ஒருமுறை உறுதி செய்துகொண்டு, அந்த ஃபைலை எடுத்து இதில் வைத்தேன். ஆன் செய்தேன். மறுபடி அதே கறுப்புத் திரை!

"நாந்தான் சொன்னேனே" என்றார் பாய்.

எனக்கு அழுகை முட்டியது. ஆனால் இந்தமுறை படிக்காமல் எதையும் அழுத்துவதில்லை என்று உட்கார்ந்தேன். என் லேப்டாப்பில் அதே பெயரில் இரண்டு ஃபைல், வேறு வேறு இடத்தில் இருந்தன. அளவும் வேறு. அவசரத்தில் தவறானதைத் தூக்கி வந்திருக்கிறேன். சரியானதை எடுத்து, அதற்குரிய இடத்தில் வைத்து, மாதாவே என்று பட்டனை அழுத்தினேன்.

விண்டோஸ் எழுந்தது! எனக்கு விசிலடிக்க வேண்டும்போல இருந்தது. சிஸ்டம் ஃபைல்கள் எல்லாம் சரியா என்று விண்டோஸையே சோதிக்கவைத்தேன். அரை மணி நேரம் ஓடி, ஒரு குறையும் இல்லை என்றது. வைரஸையும் இன்னொருமுறை, ஒவ்வொரு வரியாகப் படித்துப் படித்துத் தேடினேன். சுத்தம். பாய் தன் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

டிரைவர் தன் சாஃப்ட்வேரைத் திறந்தார். நீலத் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பாயிண்ட்டுகள். "வந்துருச்சிம்மா! அல்லாம் கீது!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் பையில் கொண்டுவந்திருந்த புதுக் கருவியை மாட்டினோம். ஏறி முடிக்கக் கால் மணி நேரம் என்று காட்டியது.

காலையிலிருந்து அசையாத மனிதர் எழுந்து சட்டையை உதறினார்.

"தொண்ட காஞ்சிபோச்சி. எதிர்ல ஒரு டீ அட்ச்சிட்டு வரேன். நீ பாத்துக்கம்மா."

லேப்டாப் மூடியைக்கூடச் சாய்க்காமல் படியிறங்கிப் போய்விட்டார். நான் நாற்காலியை ரோட்டுப் பக்கம் திருப்பிப் போட்டு, அவர் திரும்பி வரும்வரை திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன்.

பாய் சொல்லித்தான் அடுத்த வாரம் முதலாளி என்னை ரிப்பேர் மேசைக்கு மாற்றினார். ஆனாலும் என்ன சாதித்தாய் என்று யாராவது கேட்டால் நான் அந்த மேசையைச் சொல்வதில்லை. மச்சானுக்கும் காட்டாத கடலை என் முன்னால் திறந்து வைத்துவிட்டு ஒரு மனிதர் நிம்மதியாக டீ குடிக்கப் போனார், அதைத்தான் சொல்வேன்.