தன் கடனைத் தானே கூட்டிக் கேட்டவர்

"நாலாயிரம்... நாலாயிரத்து ஐந்நூறு... ஆர் ஐயாயிரம்?" காலடியில் ஒரு குவியல் சூரை மீனோடு பேணாட் கூறிக்கொண்டிருக்கிறார். வியாபாரிகள் வாய் திறக்காவிட்டால் தானே ஒரு விலையைக் கூட்டிச் சொல்லிக் கிளப்பிவிடுவார். திருகோணமலைக் கரையில் இருபத்திரண்டு வருடமாக மீன் ஏலம் கூறுகிறவர். நாலு பேர் பேசாமல் நின்றால் அவருக்குப் பொறுக்காது.

கடனட்டையில் குளிர்ப்பெட்டி வாங்கினார், மகள் லதுஷா தேவாலயத்தில் முதன்முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு ஊரையே கூப்பிட்டு விருந்து வைத்தார். "கடன் காட்டை உரசேக்க ஒரு சத்தமும் வராது. அதுதான் என்னைக் கவிட்டது" என்பார். கடனைக் கட்டாததால் வங்கி போட்ட வழக்கின் தவணையன்று கீரி மீன் அள்ளுகொள்ளையாகப் பட்டிருந்தது, நீதிமன்றத்துக்குப் போகவில்லை. அவர் இல்லாமலே தீர்ப்பாயிற்று. ஆறு இலட்சம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் மீன் ஏற்றும் சின்ன லொறியைக் கொண்டுபோய்விடுவார்கள். அந்த லொறியால்தான் வீட்டில் உலை கொதிக்கிறது.

"எனக்கு வாய் இருக்கு, லோயர் என்னத்துக்கு?" என்று வங்கிக்குப் புறப்பட்டவர், துணைக்கு அயல்வீட்டில் இருக்கும் என்னையும் இழுத்துப்போனார். எனக்குக் கணக்குத் தெரியும் என்று நம்பும் ஒரே மனிதர் அவர்தான்.

கடன் அறவிடும் அதிகாரி ஹஸ்மி மரியாதையான பையன். "ஒரேயடியா நாலு இலட்சம் கட்டினா முடிச்சிரலாம் அண்ணன்" என்றார். பிறகு யாரும் பேசவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றியது.

"நாலேகால்!" என்றார் பேணாட்.

ஹஸ்மி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

வெளியே வந்து வங்கிப் படியில் குந்திக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "சொந்தக் கடனைக் கூட்டிக் கேட்ட விசரன் உலகத்தில நான் ஒருத்தன்தான்." எதிரே நின்ற லொறியைக் கண்டதும் சிரிப்பு அடங்கிவிட்டது. "மனுசி மரியம்மான்ர தாலிக்கொடியையும் அடகு வச்சா மூண்டரை வரும். அதுக்கு மேல ஏலாது."

அடுத்த திங்கட்கிழமை, தாலிக்கொடியையும் அடகு வைத்துச் சேர்த்த மூன்றரை இலட்சத்தோடு மறுபடி போனோம். அன்று பேணாட் சொன்னதைக் கணக்கில் எடுக்கவில்லை என்று ஹஸ்மி நல்ல மனதோடு தொடங்கினார். "மேலிடத்தில கேட்டன். மூண்டே முக்கால்."

அறை அமைதியானது. பேணாட்டின் உதடு துடித்தது. சட்டென்று உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு நிமிடம் போயிருக்கும். நெற்றி வியர்த்து, கண் கலங்கி, மூச்சு மூக்கால் சீறியது.

அழுத்தமான ஆள் என்று ஹஸ்மி நினைத்திருக்க வேண்டும். "சரி அண்ணன், கடைசியா மூண்டரை."

பேணாட் தலையாட்டினார். வாயைப் பொத்திய கையை எடுக்காமலே, மற்றக் கையால் சேட்டுப் பையிலிருந்த காசுக்கட்டை இழுத்து மேசைமேல் வைத்தார்.