வாவா

மழையில் நனைந்த கம்பளிக்கு ஒரு மணம் உண்டு. பாதி எண்ணெய், பாதி புல். சென்ற வாரம் கிளென்ஃபீல்டிலிருந்து நகரத்துக்கு வரும் பஸ்ஸில், நனைந்த கம்பளிச் சட்டையோடு ஒரு கிழவர் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். இரண்டு தரிப்பிடம் வரைக்கும் தாங்கினேன். மூன்றாவதில் இறங்கி மழையில் நடந்தேன். ஓரிடத்தில் நிலையாக உட்காரும் ஆள் இல்லைத்தான் நான். இருபத்தைந்து வருடத்தில் பதினொரு வீடு மாறியிருக்கிறேன். என்றாலும் அன்றைக்கு என்னை எழுப்பி இறக்கிவிட்டது ஒரு செம்மறிக்குட்டி.

தொண்ணூறுகளின் நடுவில், நியூசிலாந்துக்கு வந்த புதிதில் நாங்கள் இருந்த ஊர், இன்றைக்கு வெஸ்ட்கேட் என்று கடைகளும் வீடுகளும் எழும்பியிருக்கிற இடத்தையும் தாண்டி, வடமேற்கே இன்னும் இருபது நிமிடம். அப்போது வெஸ்ட்கேட்டே புல். எங்கள் ஊர் புல்லுக்குப் பின்னால் இருந்த புல். ஒரே தெரு. அதில் பாலும் பாணும் பத்திரிகையும் விற்கும் ஒரு டெய்ரி, ஒரு பெட்ரோல் நிலையம், ஒரு மண்டபம், எழுபது பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்கூடம். தெருவின் இந்த முனையில் தும்மினால் அந்த முனையில் டெய்ரிக்காரி மருந்து எடுத்து வைப்பாள். எதிரே வரும் காரைக் கண்டால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்த வேண்டும். அதுதான் அங்கே வணக்கம். அப்பா அதை நன்றாகப் பழகிக்கொண்டார். நகரத்தில் பிளாக்ஹவுஸ் பே பகுதியிலிருந்த சித்தப்பா வீட்டுக்குப் போகும்போதும் கை நிற்கவில்லை; நகரத்துக் கார்களுக்கெல்லாம் விரல் உயர்த்திக்கொண்டே போனார். சிலர் வேறு விரலைக் காட்டினார்கள்.

சித்தப்பாவுக்கு எங்களைக் கண்டால் சிரிப்பு. "ஆட்டோட இருக்கவோ அண்ணை பிளேன் ஏறி வந்தனீங்கள்? இஞ்ச அடுத்த தெருவில வீடு ரென்ட்டுக்கு இருக்கு. நாலு தமிழ்ச் சனம். அண்ணிக்கும் ஒரு கதைபேச்சு வேணுமெல்லே?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அப்பிள் பொதி செய்யும் கொட்டகையில் அவருக்கு நல்ல வேலை. ஆனாலும் அம்மா ஓம் என்றிருந்தால் அன்றைக்கே வீடு பார்த்திருப்பார். அம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஊரில இருந்து இஞ்ச வாறதுக்குள்ள ஏழு இடம் பெட்டி கட்டினனான். இனி ஒருத்தரும் என்னைப் போ எண்டு சொல்லேலாது."

போ என்ற சொல்லே எங்கள் வீட்டில் ஆகாது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது வாய் தவறி 'போறன்' என்றுவிட்டால், அம்மா கேற்றடியிலிருந்து திருப்பிக் கூப்பிடுவார். உள்ளே வந்து, சப்பாத்தைக் கழற்றி, 'போட்டு வாறன்', அதாவது போய்விட்டு வருகிறேன், என்று சொன்னால்தான் விடுதலை. 'போட்டு வா' என்பார் அவரும். அதற்குள் பஸ் போய்விடும். நானும் அண்ணாவும் 'பை, மம்' என்று கத்திக்கொண்டு ஓடப் பழகினோம். அந்த வருடம் எனக்கு ஒன்பது வயது. தமிழை ஏறக்குறைய நிறுத்தியிருந்தேன். கோபமோ சண்டையோ கிடையாது. குளிர்காலச் சட்டை சிறுத்துப்போனால் கழற்றி வைப்போமே, அப்படி. அம்மா தமிழில் கேட்பார், நாங்கள் ஆங்கிலத்தில் சொல்வோம். அப்பா இருட்டிய பிறகு வருவார், சாப்பிட்டபடியே தூங்கிவிடுவார்.

ஓகஸ்ட் கடைசியில், வேலிக்கு அப்பால் பண்ணை வைத்திருந்தவர் தன் மழைச்சட்டைக்குள் எதையோ அணைத்துக்கொண்டு வந்தார். அம்மா அவருக்கு வைத்திருந்த பெயர் ஆட்டையா. சட்டைக்குள்ளிருந்து முதலில் இரண்டு காது வந்தது. தாய் செத்துவிட்டது, பிராணிகள் தினத்துக்கு மகள் வளர்க்கட்டும் என்றார். பிராணிகள் தினம் அந்த ஊரின் தேர்த்திருவிழா. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு குட்டியையோ கன்றையோ வளர்த்துக் கொண்டுவர வேண்டும். கயிறு பிடித்து நடத்தினால் ஒரு பரிசு. தூர நின்று கூப்பிட, அது ஓடி வந்தால் இன்னொரு பரிசு. கிறிஸ்மஸுக்கு முன்பு தானே வந்து எடுத்துக்கொள்வதாக அவர் அப்பாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. மேட்டில் பெரிய புல்வெளி இருந்தது. விடுதிப் பள்ளிக்கூடம் மாதிரி ஏதோ என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மா அந்தக் கிழமையே ஆட்டிறைச்சிக் கறியை நிறுத்தினார். கேட்டதற்கு விரதம் என்றார்.

பள்ளிப் படிவத்தில் நான் எழுதிய பெயர் ஸ்னோயி. அது கிடாய்க்குட்டி, வெள்ளை என்றும் சொல்ல முடியாது, பழைய தலையணை நிறம். வாலில் ஒரு ரப்பர் வளையம் மாட்டியிருந்தது; பண்ணைகளில் வாலை உதிர்க்க அப்படித்தான் செய்வார்களாம், எனக்குத் தெரியாது. மூன்றாம் கிழமை வால் தனியே புல்லில் கிடந்ததைப் பார்த்து நான் அலறிய அலறலில் டெய்ரிக்காரி தொலைபேசி எடுத்து விசாரித்தாள். வளர்த்தது நான்தான் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் காலையும் மாலையும் மட்டும் என் முறை. மீதி நேரமெல்லாம் அம்மா. பழைய சோடாப் போத்தலில் பாலைக் கரைத்து, முழங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, ரப்பர் முலையை மாட்டி, பின்படியில் உட்கார்ந்து கூப்பிடுவார். "குஞ்சு, வா. வா வா வா." குஞ்சு என்பது அதுவரை என் பெயர். மிச்ச வால்துண்டை ஆட்டிக்கொண்டு அது ஓடி வரும். குடித்து முடிந்த பிறகும் அம்மா எழும்ப மாட்டார். கதைத்துக்கொண்டே இருப்பார். நான் பள்ளியிலிருந்து வரும்போது பல நாள் அந்தக் கதையின் வால் மட்டும் காதில் விழும். 'பிறகு பார், அந்தப் பஸ்ஸும் வரேல்ல' என்பது மாதிரி. குட்டி அசைபோட்டபடி கேட்டுக்கொண்டிருக்கும். என்னைக் கண்டதும் அம்மா நிறுத்திவிடுவார்.

கூப்பிடும் போட்டியில் வெல்வது என்று நான் கங்கணம் கட்டியிருந்தேன். அந்த ஊரில் யாரும் எங்களைக் கெட்ட மாதிரி நடத்தவில்லை. எல்லோரும் மிக நல்லவர்களாக இருந்தார்கள். விருந்தாளியிடம் இருப்பார்களே, அந்த மாதிரி நல்லவர்களாக. ஒரு ரிப்பன் கிடைத்தால் நான் விருந்தாளி இல்லை என்று ஆகிவிடும் என்பது என் கணக்கு. தினமும் வேலியின் மறுகோடியில் நின்று 'கமோன், ஸ்னோயி!' என்று தொண்டை கட்டும் வரை கத்தினேன். அது புல் தின்றது.

"தமிழில கூப்பிடன், பிள்ளை. அதுக்கு இங்கிலீஷ் தெரியாது."

அது நியூசிலாந்து ஆடு என்று நான் ஆங்கிலத்தில் சீறினேன்.

"இருந்தா என்ன? வளர்த்தது ஆர்?"

இரண்டு கிழமை முழுக்கக் கத்தினேன். மழையிலும் கத்தினேன். அண்ணா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் செய்தான்.

அந்த நாள் வந்தது. பள்ளி மைதானத்தில் கயிறு கட்டி வளையம் போட்டிருந்தார்கள். ஊர் முழுவதும் கயிற்றைச் சுற்றி நின்றது. அம்மா சேலைக்கு மேல் அப்பாவின் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கயிற்றுக்கு வெளியே, சரியாக நடுவில் நின்றார். ஒரு கோடியில் பெரிய வகுப்புப் பெண் ஒருத்தி குட்டியைப் பிடித்திருந்தாள். மறுகோடியில் நான். ஒரு நிமிடம் தருவார்கள். நான் மட்டுமே கூப்பிடலாம், வேறு யார் குரல் கேட்டாலும் போட்டியிலிருந்து நீக்கம். ஆட்டையா கையில் கடிகாரத்தோடு தலையசைத்தார்.

"கமோன், ஸ்னோயி!"

அந்தப் பெண் கையை விட்டாள். குட்டி குனிந்து மைதானத்துப் புல்லைத் தின்னத் தொடங்கியது. மீண்டும் கூப்பிட்டேன். ஒரு பையன் சிரித்தான். யாரோ இன்னும் உரக்க என்றார்கள். அம்மாவைப் பார்த்தேன். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். என்னை நினைத்து வெட்கப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். வாயைத் திறந்தால் 'வா' வந்துவிடும், குட்டி தன்னிடம் ஓடி வந்துவிடும் என்று அவர் பொத்தியிருந்தார் என்பது விளங்க எனக்கு ஒரு பிள்ளை பிறக்க வேண்டியிருந்தது.

அரை நிமிடம் போய்விட்டது. ரிப்பன் போய்க்கொண்டிருந்தது. கண்ணை மூடினேன். ஊர் முழுவதும் பார்க்க, அம்மாவின் குரலை எடுத்து என் தொண்டையில் வைத்துக் கத்தினேன்.

"குஞ்சு, வா! வா வா வா!"

தலை நிமிர்ந்தது. காது இரண்டும் விடைத்தன. பிறகு நான்கு காலும் ஒன்றாக எழும்பி அது வந்த வேகத்தில், நான் மல்லாந்து சேற்றில் விழுந்தேன். ஊர் கைதட்டியது. மூன்றாம் பரிசு, ஒரு மஞ்சள் ரிப்பன்.

ஊர் ஒன்றைத் தவறாக விளங்கிக்கொண்டது. குட்டியின் பெயரே வாவா என்று. அடுத்த நாள் அம்மா டெய்ரிக்குள் காலை வைத்ததும் கடைக்காரி குட்டியை விசாரிக்க எண்ணி வாய் நிறைய "வாவா!" என்றாளாம். அம்மா வெறும் பாணுக்குப் போனவர் முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். "உள்ளுக்கை வரச்சொல்லிக் கூப்பிட்டவள், பிள்ளை," என்றார். திருத்த வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

கிறிஸ்மஸுக்கு இரண்டு கிழமை முன்பு ஆட்டையா இழுவைப் பெட்டியைக் காருக்குப் பின்னால் பூட்டிக்கொண்டு வந்தார். மேலே நல்ல புல் இருக்கிறது என்றார், என்னைப் பார்க்காமல். அதற்குள் குட்டி பெருத்திருந்தது. கழுத்தில் நான் மஞ்சள் ரிப்பனைக் கட்டினேன். அவர் மெதுவாக அவிழ்த்து என் கையிலேயே தந்தார். பலகைவழியே குட்டியைப் பெட்டிக்குள் ஏற்றினார். அம்மா பின்படியில் நின்றார், அசையாமல்.

எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் வீட்டிலிருந்து யாரும் அப்படிக் கிளம்பியதில்லை. பெட்டிக்கதவுக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றேன். சொன்னால்தான் விடுவேன்.

"அம்மா, சொல்லுங்கோ."

நான் தமிழில் கேட்டது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். மாதக்கணக்காகக் கேட்காதது. "வேண்டாம், பிள்ளை. விடு," என்றார்.

"சொல்லுங்கோ அம்மா! போட்டு வா எண்டு சொல்லுங்கோ!"

நான் நகரவில்லை. ஆட்டையா தொப்பியைக் கழற்றிக் காத்துக்கொண்டிருந்தார். கடைசியில் அம்மா படியிறங்கி வந்து சொன்னார், எப்போதும் சொல்வதுபோலத்தான், ஆனால் மெல்லிய குரலில்.

"போட்டு வா, குஞ்சு."

குட்டிக்குத் தெரிந்த 'வா' அதில் இருந்தது. பெட்டிக்குள் திரும்பி, பலகையில் தடதடவென்று இறங்கி, என்னையும் தாண்டி ஓடி வந்து, அம்மாவின் சேலைக்குள் தலையை முட்டியது. நான் கைகொட்டிச் சிரித்தேன். ஆட்டையா சிரிக்கவில்லை. அம்மா குனிந்து அதன் காதை ஒருமுறை தடவி, தானே தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அம்மாவின் விரதம் இன்றைக்கும் முடியவில்லை. அந்தப் பெட்டி மேட்டுக்குப் போகவில்லை என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. மேட்டுப் புல்வெளியில் பல நாள் போய்த் தேடினேன், வாவா என்று கூப்பிட்டுக்கொண்டு. அதைவிட நெடுநாள் அம்மாவோடு கோபமாக இருந்தேன். ஆகாத சொல் என்று எங்களுக்கு விலக்கியிருந்த சொல்லை, ஏழு இடத்தில் தானே கேட்டு வந்த சொல்லை, எப்படி அவர் வாய் சொன்னது என்று. அன்று கதவு சாத்தப்படும் முன் குட்டி இன்னொரு முறை திரும்பிப் பார்த்தது. அம்மா சொன்னார்:

"போ, குஞ்சு. போ."