கீழ்வீட்டுத் தட்டுகள்

நுஹாத் டீச்சரின் சமையலறை அலமாரியில் இன்னொரு வீட்டுத் தட்டுகள் ஒன்பது இருந்தன. ஒன்பதும் கீழ்வீட்டு உம் நபீலுடையவை, அதாவது நபீலின் அம்மாவுடையவை. மூன்று மாதமாக ஏதாவது பலகாரத்தோடு ஒவ்வொன்றாக மேலே ஏறி வந்தவை. லெபனானில் எங்கள் திரிபோலித் துறைமுகப் பக்கம் தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் கிடையாது. வைத்துக் கொடுக்க நுஹாத்திடம் ஒன்றும் இல்லை. அதனால் திருப்பிக் கொடுப்பதையே விட்டுவிட்டாள். "இன்னும் மூணு வந்தா பாத்திரக்கடை வச்சிடலாம்" என்பார் கணவர் ஃபுவாத். அவருக்கு எதிலும் விளையாட்டுதான்.

நான்கு வருடம் முன்பு கதையே வேறு. அரசுப் பள்ளியில் இருபத்தாறு வருடம் பூகோளம் நடத்திய டீச்சருக்குச் சம்பளம் முப்பது லட்சம் லிரா. அன்றைக்கு அது இரண்டாயிரம் டாலர். வெள்ளிக்கிழமை மீன், விசேஷ நாளில் இறைச்சி வைத்த கிப்பே உருண்டை, எது செய்தாலும் ஒரு தட்டு கீழே போகும். கணவனை இழந்த உம் நபீல் அந்தக் கட்டடத்துப் படிகளைக் கழுவித்தான் பிள்ளைகளை வளர்த்தாள். ஆனாலும் ஒரு தடவைகூட டீச்சரின் தட்டு வெறுமையாக மேலே வந்ததில்லை. இரண்டு முட்டை, ஒரு பிடி ஆலிவ், அதுவும் இல்லையென்றால் புதினாக் கொத்து. "பாவம், புல்லைப் பறிச்சு வச்சிருக்கா" என்று நுஹாத் கணவரிடம் சொல்லிச் சிரித்ததுண்டு.

பிறகு லெபனானின் லிரா சரிந்தது. சம்பளம் அதே முப்பது லட்சம்தான், ஆனால் இப்போது அது நூறு டாலர். மளிகைக் கடைக்காரர் காலையில் ஒரு விலை சொன்னார், சாயங்காலம் வேறு விலை சொன்னார். ஃபுவாத்தின் ஓய்வூதியம் பத்து நாள் ரொட்டிக்குக்கூடப் போதவில்லை. ஆயுள் முழுக்கச் சேர்த்த பணத்தை வங்கி பூட்டி வைத்துக்கொண்டு, பொறுங்கள் என்றது. தெருவுக்கே மின்சாரம் விற்கும் ஜெனரேட்டர்காரனோ டாலராகக் கேட்டான். டாலர் பார்த்த கை மிதந்தது, லிராவை நம்பிய கை முழுகியது. இதில் படிப்பு, மரியாதை எதற்கும் மதிப்பில்லை.

உம் நபீல் மிதந்தாள். அவள் மகன் நபீல் டீச்சரிடமே படித்துத் தோற்றவன். வரைபடத்தில் கத்தார் எங்கே என்று கேட்டால் கடலில் விரல் வைப்பான். இப்போது அதே கத்தாரில் ஏசி ரிப்பேர் செய்து மாதம் முந்நூறு டாலர் அனுப்புகிறான். நுஹாத் படுத்திருக்கும்போது கீழே குளிர்சாதனப் பெட்டி உறுமுவது கேட்கும். அவள் வீட்டுப் பெட்டி அணைந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. கீழே வெங்காயம் வதங்கினால் இவளுக்கு வயிறு எரிந்தது. அந்தப் பையனுக்கு வேலை போகக் கூடாதா என்று ஒரு நாள் நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்பட்டாள், மறுநாளும் நினைத்தாள். ஆனால் மேலே வந்த தட்டுகளை மட்டும் வழித்துச் சாப்பிட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை உம் நபீலே மேலே வந்து கதவைத் தட்டினாள். நபீலுக்குப் பெண் பேசியாகிவிட்டதாம், ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வருகிறார்களாம். பரிமாறத் தட்டு வேண்டும், வீட்டில் ஒன்றுகூட மிச்சமில்லை என்றாள். நுஹாத்தின் முகம் சிவந்தது. நாளைக்குத் தந்துவிடுவதாகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் முழுக்க வீட்டைக் குடைந்தாள். கால் கிலோ பயறு, கொஞ்சம் எண்ணெய், காய்ந்த ரொட்டி. கல்யாண மோதிரத்தை விற்று இறைச்சி வாங்கலாமா என்றுகூட யோசித்தாள். ஃபுவாத் முதல்முறையாக விளையாடாமல், மோதிரத்தில் கை வைக்காதே என்றார். ஜன்னல் டப்பாவில் கொத்தமல்லி இருக்கிறதே, அதை வைத்துக் கொடேன் என்றும் சொன்னார். அவளுக்கு ஆத்திரம் வந்தது. புல்லை வைத்துக் கொடுப்பதைவிட வெறுந்தட்டே மேல் என்று ஒன்பதையும் அடுக்கி எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

உம் நபீல் தட்டுகளை வாங்கினாள். மேல்தட்டைப் பார்த்தாள், ஒவ்வொன்றாகத் தூக்கிக் கடைசித் தட்டு வரைக்கும் பார்த்தாள். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஒண்ணு சொல்றேன் மிஸ், கோவிச்சுக்கக் கூடாது. இது வெறுமையா வர்றத ஒரு தடவ பாத்துடணும்னுதான் விடாம அனுப்பினேன். நீங்க என்னடான்னா தட்டையே தர மாட்டேன்னுட்டீங்க."

நுஹாத் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப உங்க தட்டு கீழ வந்தாலே எனக்கு எரியும். பிள்ளைங்களுக்குன்னு வச்சிருந்த முட்டைய எடுத்து உங்க தட்டுல வைப்பேன். உங்க செருப்புச் சத்தம் கேட்டாக்கூட ஆகாது. இவங்க வேலை போகக் கூடாதான்னு வேண்டிக்கிட்டதும் உண்டு."

"இப்ப வெறுமையா வந்துடுச்சே. மனசு குளிர்ந்துச்சா?"

"குளிர்ந்துச்சு மிஸ். பொய் எதுக்கு?"

நுஹாத்துக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாள்பட்ட பசிக்குச் சூடாக ஏதோ உள்ளே போன மாதிரி இருந்தது. இன்னும் வேண்டும் போலவும் இருந்தது.

"எந்தத் தட்டுக்கு ரொம்ப எரிஞ்சுது?"

உம் நபீல் யோசிக்கவே இல்லை. "பெருநாளுக்கு அனுப்பினீங்களே, பிஸ்தா வச்ச பிஸ்கோத்து. அன்னைக்கு நான் அழுதேன்."

நுஹாத் விளக்கில்லாத படிகளை இரண்டிரண்டாக ஏறினாள். மகளுக்கு நல்ல இடம் அமைந்த சேதியைச் சொல்லும் முகத்தோடு கணவர் முன்னால் போய் நின்றாள். அவர்களுக்குப் பிள்ளைகளே கிடையாது.

"ஃபுவாத், அந்த உம் நபீல் ஒரு காலத்துல என்னப் பாத்து வயிறெரிஞ்சிருக்கா. அழுதிருக்கா."

"இப்ப?" என்று கேட்டார் ஃபுவாத், வழக்கமான விளையாட்டோடு.

இப்போது அவளைப் பார்த்து எரிய இந்தத் தெருவில் யாருக்கும் ஒன்றுமில்லை. அவள் அடுப்படிக்குப் போய்ப் பயற்றை ஊறப்போட்டாள்.