கிட்டுசாமி வாத்தியார் பென்ஷன் வாங்கிய கதை

என் தம்பி கிட்டுசாமி ஹூஸ்டனில் இருபத்துநான்கு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு, போன மே மாதம் வேலையிலிருந்து நின்றான். பேப்பரில் பேர் வந்த ஆள் இல்லை. ஆனாலும் அவனைப் பற்றி யாராவது ஒருத்தர் சொல்லி வைக்க வேண்டாமா? எனக்கு எழுத வராது, சொல்ல வரும். சொல்கிறேன், எழுதிக்கொள்.

பொள்ளாச்சியில் பள்ளிக்கூட வேலையில் இருந்தவனை, அமெரிக்காவில் கணக்கு வாத்தியாருக்குப் பஞ்சம் என்று ஒரு ஏஜென்சிக்காரர் பிடித்து அனுப்பினார். அது இரண்டாயிரத்து ஒன்று. அவனுக்கு வயது நாற்பத்தொன்று. கம்ப்யூட்டர் படித்த பையன்களெல்லாம் இருபத்தைந்து வயதில் வந்து இறங்கிய விமானத்தில், இவன் நரைத்த மீசையோடு இறங்கினான்.

முதல் நாள் வகுப்பில் நாற்பது நிமிஷம் பாடம் நடத்தினானாம். கடைசியில் ஒரு பையன் எழுந்து, "சார், உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?" என்று கேட்டானாம். "இவ்வளவு நேரமா அதுதானப்பா பேசிட்டிருந்தேன்" என்று இவன் சொல்ல, வகுப்பே சிரித்ததாம். இவன் திரும்பி, போர்டில் வெறும் கையால் ஒரு வட்டம் போட்டான். ஒரே இழுப்பு. ஒரு பிள்ளை நூல் கட்டி அளந்து பார்த்தாள், எந்தப் பக்கமும் கூடக் குறைய இல்லை. அன்று முதல் வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகள் வட்டம் கேட்பார்கள். மேசையைத் தட்டிக்கொண்டு, "மிஸ்டர் சாமி! மிஸ்டர் சாமி!" என்று கத்துவார்களாம். அதை எங்கள் வீட்டில் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அப்போது ஹில்கிராஃப்ட் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒற்றைப் படுக்கையறை அபார்ட்மெண்டில் இருந்தார்கள். அவன், அவன் பெண்டாட்டி வசந்தாமணி, மகள் விஷாகா. நான் என் மகனோடு இருக்க வந்த புதிது. ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். அவன் வாங்கிய பழைய காரில் ஏசி கிடையாது. ஹூஸ்டன் வெயிலில் வசந்தாமணி தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு, கல்யாணக் காரில் வருகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து வருவாள். இறங்கினதும் அந்தத் துண்டைப் பிழிந்து எங்கள் கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றுவாள்.

வாத்தியார் சம்பளத்தைப் பன்னிரண்டு மாதத்துக்கும் பிரித்துத் தரச் சொல்லிக் கேட்கலாம் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முதல் கோடை விடுமுறையில் சம்பளம் வரவில்லை. ஹில்கிராஃப்டில் ஒரு மளிகைக்கடையில் காய் எடை போடப் போனான். அவனிடம் படிக்கிற பிள்ளை ஒருத்தி அம்மாவோடு வந்து பார்த்துவிட்டாள். வேறு யாராக இருந்தாலும் கூசிப்போவார்கள். இவன், "மாம்பழம் இன்னிக்கு இருபது பர்சென்ட் தள்ளுபடி. இந்தப் பெட்டி என்ன விலை ஆச்சு, நீயே சொல்லு" என்று அங்கேயே கணக்குப் போட வைத்தான். சரியாகச் சொன்னதற்கு ஒரு பழம் அதிகமாகப் போட்டு, அதற்குக் கடைக்காரரிடம் திட்டும் வாங்கினான்.

வசந்தாமணியைச் சும்மா நினைக்கக் கூடாது. பரீட்சைத் தாள் கட்டுக்கட்டாக வீட்டுக்கு வரும். அவன் திருத்துவான், அவள் மார்க்கைக் கூட்டுவாள். "ஏனுங், இந்தப் பையன் அறுபத்தொன்பது. ஒரு மார்க்குல தேறிருவான். மறுபடி ஒருக்கா பாருங்" என்பாள். அவன் பார்ப்பான். எப்படியோ அந்த ஒரு மார்க் கிடைத்துவிடும். அப்படிப் பாஸ் ஆன பிள்ளைகள் இந்த ஊரில் எத்தனை பேரோ!

இனி பென்ஷன் கதைக்கு வருகிறேன்.

இந்த ஊரில் வேலை பார்த்தவர்களுக்கு வயதான காலத்தில் சர்க்கார் ஒரு பணம் தரும். தம்பியின் பள்ளிக்கூடத்தில் அதற்குப் பிடித்தம் கிடையாது. வாத்தியார் பென்ஷன் ஒன்றுதான் கதி. இதெல்லாம் எங்களுக்கு விளங்கச் சொன்னவள் ஷரீபா. மேலப்பாளையத்துக்காரி, அதே பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சராக இருந்து இரண்டு வருஷம் முன்னால் ஓய்வு பெற்றவள். ஒரு சனிக்கிழமை தம்பி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஃபாரத்தை விரித்தாள். நானும் இருந்தேன்.

"அண்ணே, ரெண்டு விதம் இருக்கு. ஒண்ணு, ஃபுல் பென்ஷன். உங்க காலம் வரைக்கும் வரும், அதோட ஸ்டாப். இன்னொண்ணு, மாசாமாசம் கொஞ்சம் கம்மியா வரும். ஆனா உங்களுக்கு அப்புறம் வசந்தா அக்காவுக்கு ஆயுசுக்கும் வரும். ரெண்டாவதைப் போடுங்க. ஒருதரம் பென்ஷன் வர ஆரம்பிச்சா சேஞ்ச் பண்ண முடியாது."

வசந்தாமணி தட்டை நகர்த்தி வைத்தாள். "இவருக்கு அப்புறம்னு எம்பட ஊட்ல உக்காந்து பேசாதீங்க ஷரீபா. எனக்குத் தாலி பாக்கியம் கெட்டி. கல்யாணத்துக்கு முன்னாலயே ஜோசியர் சொல்லிட்டாரு, தீர்க்க சுமங்கலின்னு. நாந்தான் முன்னால போவேன். எனக்கு எதுக்குங்க அந்தப் பணம்?"

"சரிக்கா, அப்படியே வச்சுக்குவோம். நீங்க முன்னால போயிட்டா, குறைச்ச பணம் அண்ணனுக்கு மறுபடி ஏறிடும். நஷ்டமே இல்ல."

"நாஞ் செத்தா இவருக்குச் சம்பளம் ஏறுதா? நல்லா இருக்குதுங்க உங்க ஊரு நாயம்!"

ஷரீபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருஷம்தான் தம்பிக்கு நெஞ்சில் அடைப்பு வந்து இரண்டு ஸ்டென்ட் வைத்திருந்தது. வசந்தாமணிக்கு ஐம்பத்தொன்பது வயது. அவன் போய்விட்டால் இவள் யார் கையை எதிர்பார்ப்பாள்? விஷாகா சான் ஹோசேயில் இருக்கிறாள், கூப்பிடத்தான் செய்வாள். ஆனால் மருமகன் வீட்டில் மூன்று நாளைக்கு மேல் தங்க மாட்டேன் என்று சொல்கிற பிறவி இது.

"அம்மிணி, உனக்குப் பார்த்த ஜோசியர்தான் எனக்கும் பார்த்தாரு. எனக்கும் தீர்க்க சுமங்கலின்னுதான் சொன்னாரு" என்றேன்.

எனக்கு நாற்பத்தொரு வயதில் என் வீட்டுக்காரர் போய்விட்டார். அது அவளுக்கும் தெரியும்.

அவள் அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள். தம்பி என்ன செய்தான் தெரியுமா? பேனாவை எடுத்து முதல் விதத்துக்கே குறி போட்டான். "விடுக்கா, அவ மனசு நோகும்" என்றான். வகுப்பில் நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்த்தவன், முப்பத்தொன்பது வருஷத்தில் இவளிடம் ஒரு தரம் கூட மாட்டேன் என்று சொன்னதில்லை.

பத்து நாள் அவள் எனக்குப் போன் பண்ணவில்லை. நானும் பண்ணவில்லை. நான் ஏன் பண்ண வேண்டும்?

பதினோராம் நாள் அவளே கூப்பிட்டாள். "நங்கையா, நாளைக்கு பேங்குக்குப் போறமுங். ஃபுல் பென்ஷன் வேணும்னா எனக்கு ஒண்ணும் வேண்டாம்னு நானும் கையெழுத்துப் போடணுமாம். நீங்களும் வாங்க" என்றாள். புருஷனின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் குரலில் கோபம் இல்லை, ஒரு பயம் இருந்தது. போனேன்.

பேங்கில் கையெழுத்துக்குச் சாட்சி முத்திரை போடுகிற பெண் சிறுவயதுக்காரி. இரண்டு பேருடைய லைசென்ஸையும் வாங்கிப் பார்த்தாள். பேப்பரை வசந்தாமணி பக்கம் திருப்பி, போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினாள். வசந்தாமணி பேனாவை எடுத்தாள். கழுத்துக் கொடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அப்போதுதான் தம்பி வாயைத் திறந்தான்.

"வசந்தா, நீ முன்னால போயிட்டா நான் என்ன பண்றது?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்னங் கேக்கறீங்க?"

"முப்பத்தொன்பது வருஷமா கோயில் கோயிலா நின்னு முன்னால போகணும் முன்னால போகணும்னு கும்பிடற. நானும் பக்கத்துல நின்னு கேட்டுட்டே இருக்கேன். எனக்கு ஒரு ரசம் வைக்கத் தெரியாது. மாத்திரை எது காலைக்கு, எது ராத்திரிக்குன்னு தெரியாது. நீ இல்லாத ஊட்டுக்குள்ள சாவியைப் போட்டுத் திறந்து நான் எப்படி உள்ள போறது? உனக்கு அது வரம். எனக்கு?"

அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. முத்திரை போடுகிற பெண்ணுக்குப் பாஷை புரியாவிட்டாலும், சட்டென்று எழுந்து தண்ணீர் எடுத்துவரப் போய்விட்டாள்.

வசந்தாமணி பேனாவைப் பிடித்தபடியே கேட்டாள். "இப்போ நான் என்னதான் பண்ணோணும்? உங்களுக்கு அப்புறம் எனக்குக் குடுங்கன்னு எங் கையால எழுத மாட்டேன். அது மட்டும் ஆகாது."

"எழுத வேண்டாம். ரெண்டாவது விதத்துக்கு உன்ற கையெழுத்தே தேவையில்ல. நான் போட்டாப் போதும். நீ ஒண்ணும் பண்ணாம எந்திரிச்சு வா."

"நான் ஒண்ணும் பண்ணலீன்னாலே ஆயிருமா?"

"ஆயிரும்."

அவள் பேனாவை மேசையில் வைத்தாள். மூடியைத் தேடி எடுத்து மூடினாள். தண்ணீர் கொண்டுவந்த பெண்ணிடம் "சாரிம்மா" என்றாள். எழுந்து சேலையைச் சரி பண்ணிக்கொண்டு, எங்களுக்கு முன்னால் நடந்து போய்விட்டாள். கையெழுத்து இல்லாத அந்தத் தாளைத் தம்பி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மறுநாளே ஷரீபாவைக் கூப்பிட்டு வேறு ஃபாரம் எழுதி அனுப்பினான்.

பென்ஷன் இப்போது கொஞ்சம் குறைச்சலாகத்தான் வருகிறது. எவ்வளவு குறைகிறது என்று அவள் இன்றுவரை கேட்கவில்லை. ஜூலையிலிருந்து அவனுக்கு ரசம் வைக்கச் சொல்லிக் கொடுக்கிறாள். புளியைக் கரைக்கிறதற்குள் சமையலறையையே கரைத்துவிடுகிறான் என்று எனக்குப் போனில் புகார்.

பேங்கிலிருந்து திரும்பும்போது காரில் பின்சீட்டில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நங்கையா, நான் ஜோசியர் சொன்னது பொய்யின்னு ஒத்துக்கலீங்" என்றாள்.

"நானும் அப்புடிச் சொல்லலியே அம்மிணி" என்றேன்.

அவளிடம் அப்படிச் சொன்னேன். உன்னிடம் சொல்வதற்கு என்ன, அந்த ஆள் சுத்தப் புளுகன். இதையும் விடாமல் எழுது.